முதலில் திறந்த கதவு

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். காற்று அசையவில்லை. கஞ்சமலைப் பக்கம் மட்டும் பனி கொஞ்சம் புகை மாதிரி மிச்சம் இருந்தது. ஆட்டையாம்பட்டியில் வெயில் அதற்குள் முதுகைச் சுட ஆரம்பித்துவிட்டது. விசைத்தறிச் சத்தம் நிற்காத ஒரு தெருவின் கடைசி வீட்டு வாசலில் நாங்கள் இரண்டு பேர் நின்றிருந்தோம். என் கையில் கேள்விகள் ஏற்றிய டேப்லெட்; டேப் என்போம். என்னோடு வந்த அம்மாவின் கையில் கறுப்புக் குடை.

வீட்டுக்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் சொன்னார். வீட்டில் நான்கு பேர்: அவர், மனைவி, மகன், மருமகள். மகன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போர்வெல் போடப் போயிருக்கிறான். வர இரண்டு மாதம் ஆகும். போன் நம்பர் கேட்டேன். “என்ற போனு ரிப்பேருங்க. பையன் நம்பரப் போட்டுக்கோங்க, பேசறதெல்லாம் அவன்தான்” என்றார். நம்பர் போடாவிட்டால் டேப்பில் அடுத்த பக்கம் வராது. போட்டேன்.

நேற்று எங்கெங்கே போனார் என்று கேட்டேன். தறிப் பட்டறை, டீக்கடை, பால் சொசைட்டி, மறுபடியும் டீக்கடை. நான்கு.

“சரிங்க. வீட்டுப் பெண்கள்?”

“பொம்பளைக எங்கீங்க போறாங்க? ஊட்லயேதான் இருக்கறாங்க. சைபர்னு போட்டுக்கோங்க.”

என் விரல் சைபருக்குப் போயிற்று. குடையின் நுனி வந்து டேப்பின் மேல் நின்றது.

“அந்த சைபரச் சித்தெ நிறுத்துங்க சார்” என்றார் அந்த அம்மா. பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, “ஏனுங்ணா, பொடக்காணிப் பக்கம் போயி ஒரு வாய்த் தண்ணி குடிச்சுக்கட்டுங்ளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப் போவார்கள். அம்மணி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதை எழுதுவதால் யாருக்கும் ஆபத்து இல்லை.

சேலத்துக்கு அடியில் ரயில் விடலாமா என்று பார்ப்பதற்கான முதல் ஆய்வு அது. மண்ணைத் துளைத்துப் பார்ப்பதெல்லாம் பிறகு. முதலில் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்காக வீடு வீடாகப் போய், நேற்று எங்கே போனீர்கள், எதற்கு, எதில், எவ்வளவு செலவு என்று ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்க வேண்டும். நடந்து போனாலும் கணக்குதான். திங்கட்கிழமை மட்டும் போகக் கூடாது. நேற்று என்றால் ஞாயிறு ஆகிவிடும். புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்களைத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடி. கொண்டலாம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால்தான் அலுவலகம். இலை போடும் மேஜைகளில் கம்ப்யூட்டர்கள். சுவரில் பெரிய வரைபடம். அதில் ஐந்து ரோடு சந்திப்பிலிருந்து ஒரு சிவப்புக் கோடு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அடியில் புகுந்து, குகை என்ற பேட்டைக்கு அடியில் ஓடி, கொண்டலாம்பட்டியில் மேலே வந்தது. குகையில் மேலே இடம் இல்லை. அங்கே ஒரு லாரி வந்தால் எதிரில் வரும் சைக்கிள் கடைக்குள் ஏறி நிற்க வேண்டும்.

அந்தக் கோட்டை யாரும் நம்பவில்லை. மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் தினமும் கேலி. “திருச்செங்கோட்டுப் போர்வெல்காரன்கிட்டச் சொன்னா நாலு ரிக்கைக் கொண்டாந்து படுக்கப் போட்டு ரெண்டே நாள்ல ஓட்டை போட்டுருவானுங்க. இதுக்கு எதுக்கு ஊடு ஊடாப் போயி எவன் எங்க போனான்னு கேக்கறீங்க?” என்பார் கடைக்காரர். “தண்ணி வந்தா ரயிலு, வராட்டியும் ரயிலு” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் சேர்த்துக்கொள்வார். அம்மணியும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, “நீங்க நேத்து எந்தக் கதவத் தொறந்தீங்க?” என்று அவரையே பிடித்துக்கொள்வார்.

அவர் கேட்கும் முறை அதுதான். நான் “எங்கே போனீர்கள்?” என்று கேட்டால் பெண்கள் “எங்கயும் போகலீங்க” என்பார்கள். பொய் சொல்வதாக நினைத்துச் சொல்வதில்லை. அவர்களுக்குப் போவது என்றால் கல்யாணத்துக்குப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது, அவ்வளவுதான். அம்மணி அந்தச் சொல்லையே எடுக்க மாட்டார். “நேத்து வெடியால எந்திரிச்சதும் மொதல்ல எந்தக் கதவத் தொறந்த கண்ணு?” என்பார். பின்கதவு என்று பதில் வரும். பின்கதவு வழியாகப் போனால் மாட்டுக் கொட்டாய், கொட்டாயிலிருந்து குழாய், குழாயிலிருந்து பிள்ளையைப் பள்ளி வேனுக்கு விட ரோட்டு முனை. ஒரு கதவைத் திறந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்தது.

முதல் வாரத்தில் ஒரு பெண் சொன்னாள், “முறுக்குச் சுத்தப் போறதெல்லாம் போறதுங்களாக்கா? எதுத்த தெருதானுங்களே?”

“எதுத்த தெருவுக்குப் பறந்தா போன?”

அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏழு பயணம் வந்தது. செலவு என்ன என்று கேட்டேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே என்று சிரித்தாள். “அந்த எடத்துல சைபர் போட்டுக்கோங்க சார். அது நல்ல சைபரு” என்றார் அம்மணி.

சேந்தமங்கலத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். விவசாயக் குடும்பம். இந்த வேலைக்காகச் சேலத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை முனை வெளியே பார்க்கும்படி கழற்றி விடுவார். போகும்போது திருப்ப வேண்டியதில்லையாம். குடையை வெயிலுக்கு விரித்து நான் பார்த்ததில்லை. நாய்க்காக வைத்திருந்தார். மாடிப்படி ஏற, ஆட்டோவை நிறுத்த, என் விரலைத் தடுக்கவும் அதுதான்.

ஏன் இந்தச் சைபர் மேல் இவ்வளவு கோபம் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். கோபமெல்லாம் இல்லை என்றார். தம்ளரை இரண்டு தடவை சுழற்றினார்.

“என்ற மாமனாரு செத்தப்ப ஊரே வந்துச்சுங்க சார். வந்தவங்ககிட்ட என்ற மாமியா அழுதுட்டே சொல்லுது, எம்மருமவ பத்து வருசமா வாசப்படி தாண்டுனதில்ல, அத்தன அடக்கம்னு. எல்லாரும் என்னையப் பாத்து ஆமா ஆமாங்கறாங்க. தெனம் ரெண்டு நேரம் நாந்தான் கேனைத் தூக்கிட்டு சொசைட்டிக்கு நடந்து பால் ஊத்திட்டு வந்தேன். அந்தக் கூட்டத்துல இருந்தவங்க பாதிப்பேரு அந்த ரோட்டுல என்னையத் தெனமும் பாத்தவங்க.”

மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பத்து வருடம், தினம் இரண்டு தடவை. பெரிய எண்.

பாதி நேரம் அவரைப் பார்த்து எனக்கு உற்சாகமாக இருக்கும். மீதி நேரம் பயமாக இருக்கும். கொண்டலாம்பட்டியில் ஒரு வீட்டில், மில்லில் சூப்பர்வைசராக இருந்த ஒரு பெரியவர், நேற்றுக் குடோனுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனேன் என்றார். அம்மணி வழக்கம்போல் ஆரம்பித்தார். எந்தப் பஸ்? எங்கே இறங்கினீர்கள்? குடோன் கேட்டை யார் திறந்தது? மூன்றாவது கேள்வியில் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போய் ஒரு மாதம் ஆகிறது. காலையில் சாப்பாட்டுக் கேரியரோடு கிளம்பிப் பழைய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருகிறார். கதவுக்குப் பின்னால் மருமகளின் வளையல் சத்தம் கேட்டது. நாங்கள் தெருவில் இறங்குவதற்குள் உள்ளே மகனின் குரல் உயர்ந்தது.

“கொஞ்சம் விட்டிருக்கலாம் அம்மணி” என்றேன்.

அடுத்த வீட்டு கேட்டில் குடையை ஊன்றி நின்றார். “உட்டிருக்கலாந்தானுங்க” என்றார். “ஆனா அந்த மனுசன் தெனம் ஒம்பது மணி நேரம் அங்க ஒக்காந்திருக்கறாரு. அத எங்கயும் போடாம உட்டா, அந்த நேரமெல்லாம் அவரு எங்கதான் இருந்தாருங்க சார்?”

நோக்கம் என்ற கட்டத்தில் ‘மற்றவை’ என்று போட்டேன்.

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி, அவள் எங்கேயும் போவதில்லை, என் வீட்டில் ஆய்வு நடத்தத் தேவையில்லை என்று டீக்கடையில் சொன்னேன். அம்மணி சிரித்த சிரிப்பில் குடை கீழே விழுந்தது. “கேட்டுத்தான் பாருங்களேன்” என்றார்.

அன்று சாயங்காலம் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேற்றுக் காலை எழுந்ததும் முதலில் எந்தக் கதவைத் திறந்தாய் என்று கேட்டேன். அவள் கை நின்றது.

“யாரு என்ன சொன்னாங்க?” என்றாள்.

கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடம். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா கேட்டேன் என்றேன். அவள் கீரையைப் பார்த்தபடி, போலீஸ் ஸ்டேஷனில் சொல்வது மாதிரி வரிசையாகச் சொன்னாள். ஐந்து இடம். அதில் ஒன்று பள்ளிக்கூட மைதானம். அங்கே சாயங்காலம் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு நான் வருவதற்குள் வந்துவிடுவாளாம். எத்தனை வருடமாக என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் அம்மணியிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “நான் கேட்டா அது கணக்குங்க சார். நீங்க கேட்டா விசாரணை” என்றார்.

இனி ஆட்டையாம்பட்டி வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். அம்மணி பின்பக்கம் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பட்டறையில் தறி நின்றுபோய்விட்டது. “சித்தெ பாத்துட்டு வாரேனுங்க” என்று வீட்டுக்காரர் எழுந்து போனார். நானும் டேப்போடு பின்பக்கம் போனேன். வீட்டிலேயே இருக்கிற மாமியார் அங்கே இல்லை. நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலைக்குப் போயிருந்தார். மருமகள் மட்டும் தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது.

கொட்டாய்க் கதவில் ஆரம்பித்து ஒன்பதரை மணி வரை வந்தாயிற்று. அதற்கு மேல் “ஊட்லதானுங்க்கா” என்றாள். கொடியில் ஒரு நல்ல சேலை காய்ந்துகொண்டிருந்தது. அம்மணி அதன் கரையைத் தொட்டுப் பார்த்தார்.

“மாட்டுக்குத் தண்ணி காட்ட இந்தச் சீலயா கட்டுவ?”

அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பட்டறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

“திங்கக்கெழமையானா பல்லு டாக்டருகிட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போவேனுங்க்கா.”

“பல்லுல என்ன?”

“ஒண்ணுமில்லீங்க்கா. எல்லாம் நல்லாத்தான் இருக்குது.” குரலைத் தாழ்த்தினாள். “குகையில எங்கக்கா இருக்கறா.”

அக்கா இரண்டு வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அப்பாவும் பெரியப்பா மகன்களும் அன்றிலிருந்து தேடுகிறார்கள். குகையில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் இந்தத் தங்கைதான். அக்காவுக்கு இப்போது ஏழு மாதம்.

“எங்கப்பனுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் உசுரோட உட மாட்டாங்க்கா. பொறந்த ஊட்டு மொகம்னு அவ பாக்கறது என்னைய மட்டுந்தான்.”

“கடைத்தெரு என்று போட்டுக்கொள்ளலாம் அம்மணி” என்றேன்.

“கடத்தெருவுக்கா போனா?” என்றார் என்னிடம். பிறகு அந்தப் பெண்ணிடம், “நீ சொல்லு கண்ணு. போட்டுக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்” என்றார்.

“யாருக்கும் தெரியாதுங்களா?”

“உன்ற பேரே இதுல இல்ல சாமி. இது அடியில ஓடற ரயிலுக்கு. மேல இருக்கறவன் ஒருத்தனுக்கும் தெரியாது.”

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “போட்டுக்கோங்க்கா” என்றாள். “ரயிலு உட்டா இன்னும் வெரசாப் போயிட்டு வந்துருவேனில்லீங்க?”

போய்ச் சேர்ந்த இடம்: குகை, கோயிலுக்குப் பின்புறம். நோக்கம்: உறவினர் வீடு. செலவு: சைபர். நான்தான் தட்டினேன்.

அந்த வாரம் மண்டபத்தில் இன்ஜினியர் எங்களைக் கூப்பிட்டார். சென்னைப் பையன், மரியாதையானவன். “சார், உங்க டீம்ல மட்டும் லேடீஸ் ட்ரிப் மத்த டீமைவிட ரெண்டு மடங்கு வருது. மாடல் ஒத்துக்க மாட்டேங்குது” என்றான்.

“மாடல்ங்கறது யாருங்க தம்பி? அவிய ஊடு எங்கன்னு சொல்லுங்க, போயிக் கேட்டுட்டு வாரேன்” என்றார் அம்மணி.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் சந்தேகம் போகவில்லை. வழக்கமாகப் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டைத்தான் போனில் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். எங்கள் ஜோடி போன வீடுகளை மட்டும் ஒன்று விடாமல் கூப்பிடச் சொல்லி உத்தரவு போட்டான். சென்னையில் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து பெண்பிள்ளைகள் கூப்பிட்டார்கள். டேப்பில் இருந்த நம்பருக்கு. எங்கள் பக்கத்தில் வீட்டு நம்பர் என்றால் அது ஆம்பிள்ளையின் நம்பர்தான். நாங்கள் போன வீடுகள் நூற்றுப் பன்னிரண்டு. அதில் பெண்ணின் நம்பர் இருந்த வீடு நான்கு. நான்கும் விதவைகளின் வீடு. இதை நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். அப்போது எண்ணவில்லை, அம்மணியும் எண்ணவில்லை, அந்தப் பையனும் எண்ணவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. ஆட்டையாம்பட்டி வீட்டுக்காரர் மண்டபத்துக்குள் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

“குடையோட வந்த பொம்பள எங்கீங்க?”

“நாந்தானுங்ணா” என்று எழுந்தார் அம்மணி.

“என்ற பையன் ஆயிரம் மைலுக்கு அக்கட்ட கல்லத் தொளச்சிட்டுக் கெடக்கறான். அவனுக்குப் போனப் போட்டு, உங்க ஊட்ல இருந்து ஒருத்தரு குகையில கோயிலுக்குப் பின்னாடி ஒறம்பரை ஊட்டுக்குப் போனாங்களே, சரிதானான்னு கேக்கறீங்க. குகையில எங்களுக்கு யாருங்க ஒறம்பரை? பல்லு டாக்டருன்னு சொல்லிட்டு அந்த ஓடுகாலியப் பாக்கப் போயிருக்கறா.”

“அவள என்னங்ணா பண்ணுனீங்க?”

“என்ன பண்றது? போனப் புடுங்கியாச்சு. இனி வாசப்படி தாண்ட மாட்டா. இப்ப வந்து எழுதிக்கோங்க சைபர்னு. இப்பப் பொய்யில்ல.”

இன்ஜினியர் ஒரு தம்ளர் தண்ணீரோடு ஓடி வந்தான். அம்மணி அவனைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சம்பந்திக்குச் சொல்லிட்டீங்களாங்ணா?”

“சொல்லாம? இப்பத்தான் போன் பண்ணிட்டு வாரேன். பொண்ணப் பெத்தவன் கேக்கட்டும்.”

அம்மணி குடையை எடுத்தார். டிபன் பாக்ஸ் மேஜையிலேயே இருந்தது. கையெழுத்துப் போடாமல், என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனார். செருப்பு வெளியே பார்த்துத்தான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புறப்பட்டுவிட்ட டவுன் பஸ்ஸுக்கு முன்னால் குடையை நீட்டி நிறுத்தி ஏறினார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

சாயங்காலம் வரை அவருக்கு ஆறு தடவை போன் செய்தேன். ஆறு தடவையும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, சந்து எவ்வளவு தூரம், சேந்தமங்கலத்திலிருந்து கார் வர எவ்வளவு நேரம், யார் முந்தியிருப்பார்கள் என்று சத்தமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்; அந்த அக்கா தங்கை பிறந்த ஊரும் அம்மணியின் ஊர்ப் பக்கம்தான்.

“இங்க ஒக்காந்து எத எண்ணிட்டிருக்கறீங்க?” என்றாள் மனைவி. “வெடியால போயிப் பாத்துட்டு வாங்க.”

புதன்கிழமை காலை எட்டரை மணிக்குக் குகையில் இருந்தேன். கோயிலுக்குப் பின்னால் அந்தச் சந்தில் என் இரண்டு தோளும் சுவரில் உரசின. ஐந்து வீடு. மூன்றாவது வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து தொங்கியது. கதவின் கீழ்ப்பலகையில் செருப்புக் காலால் உதைத்த தடம். உள்ளே ஒரு பாயும் கவிழ்ந்த குடமும் இருந்தன. பாயில் எதையோ தேடுகிற மாதிரி நான் குனிந்து பார்த்தேன். கறை எதுவும் இல்லை.

எதிர் வீட்டில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

“நேத்துப் பொழுதோட கார்ல அஞ்சு பேரு வந்தாங்க. கதவ ஒதச்சு ஒடச்சாங்க. வெறும் ஊடு. எங்க போனாங்கன்னு என்னையக் கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“நான் அந்த ஆட்கள் இல்லை அம்மா. குடையோடு ஒரு அம்மா வந்தாரா என்று மட்டும் கேட்க வந்தேன்.”

அவள் கை நின்றது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கண்ணாடியை, சட்டைப் பையில் இருந்த மூன்று பேனாக்களை, எல்லாவற்றையும்.

“டேப்பு வச்சிருக்கற சாரா?”

ஆமாம் என்றேன்.

“நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க. வந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அவங்க எங்கயும் போகலையாம். சைபர்னு போட்டுக்குவீங்களாம்.”

அவள் மறுபடியும் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். நான் மேலே கேட்கவில்லை. நிறைமாதத்தை நெருங்கும் ஒரு பெண்ணையும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு, கார் வருவதற்கு முன்னால், எந்தப் பஸ்ஸில், எந்தத் திசையில்? என் வாயில் வந்த எல்லாமே டேப்பில் இருக்கிற கேள்விகள்.

ஆய்வு முடிந்து அறிக்கை போய்விட்டது. சரிபார்க்க வீட்டு நம்பருக்குக் கூப்பிடும்போது போன இடத்தைச் சொல்லக் கூடாது என்று இன்ஜினியர் ஒரு புது விதி எழுதிச் சேர்த்தான். அந்தப் பையன் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒரு வீட்டைக் கேட்டால் அதை நாற்பது வீடாகப் பெருக்கிக்கொள்வது அவர்கள் முறை. ஆட்டையாம்பட்டிப் பெண் குகைக்குப் போன ஒரு பயணம் அறிக்கையில் நாற்பது பயணமாக இருக்கிறது. காகிதத்தில் அவள் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறாள். சிவப்புக் கோட்டின் தடிமனில் அவளும் இருக்கிறாள். வீட்டில் அவளை வாசலுக்குக்கூட விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஏப்ரலில் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு மேடையில் ஒரு முறுக்குப் பொட்டலம் இருந்தது. ஆட்டையாம்பட்டிக் கடையின் பெயர் அச்சடித்த காகிதம். மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல், “அந்தப் புள்ளைக்கு அவ அக்கா நல்லாருக்கறாங்கறது தெரிஞ்சாப் போதும். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்பக்கமும் ஒரு தடம் இருக்குது” என்றாள். அக்கா நல்லா இருக்கிறாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் உட்காரும் பெண்களுக்கு என்னவெல்லாம் தெரியும்? நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். எந்தக் கதவைத் திறந்தாய் என்று கேட்கவில்லை.

அக்காவைத் தேடும் அந்தப் பெரியப்பா மகன்கள் இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டாவது தடவை நாற்காலியை நடு அறையில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். “ஏனுங்க பெரியவரே, அந்தப் பொம்பள இவங்களை எங்க கூட்டிட்டுப் போச்சு?” என்று கேட்டார்கள். எங்கேயும் போகவில்லை என்றேன். இன்னும் வருவார்கள். ரோட்டில் கார் வேகம் குறைந்தால் இன்றைக்கும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

அவர்கள் போன பிறகு, பழக்கத்தில், கணக்கை முடித்து வைத்தேன். கொண்டலாம்பட்டியிலிருந்து குகைக்கு டவுன் பஸ். அம்மணிக்குச் செலவு சைபர். எனக்குப் போக ஏழு, வர ஏழு: பதினான்கு ரூபாய்.